நாளுக்கொரு மெட்டு: மும்பை நாட்குறிப்பு

ஜூலை 6, ஞாயிறு: தாதர், மாட்டுங்கா

மும்பைக்கு என்னை அழைத்தவர்கள் மாட்டுங்காவிலும் சயானிலும் குடியிருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய இசைக்குழுவினர். அவர்கள் கேட்டது இது: ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனைகள், ஒரு தில்லானா என நாளுக்கு ஒரு புதிய உருப்படியைக் காலையில் மெட்டமைத்து, அன்று மாலையே சேர்ந்திசையாகப் பாடுகிறவர்களுக்குப் பாடம் சொல்லி, அடுத்த ஞாயிறன்று மேடையேற்ற வேண்டும். பாட்டுகளை எழுதுகிறவர் ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். குழுவில் எல்லோரும் அவரை ஐயா என்றே அழைக்கிறார்கள். அவர் பாட்டுகளை முன்கூட்டி அனுப்பவில்லை. பாடப்போகும் குரல்களைக் கேட்பதற்குமுன் மெட்டமைப்பது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்றது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆகவே வயலினும் வெற்றுத் தாள்களுமாகத் தாதரில் இறங்கினேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. பெய்கிறது என்று யாரும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. மாட்டுங்காவுக்கு ஒரே ஒரு நிறுத்தம்தான் என்பதால் லோக்கல் ரயிலிலேயே ஏறினேன். நெரிசலில் வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண்மணி மராத்தியில் ஏதோ கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி மேலே பரணில் போய் உட்கார்ந்தது. இறங்கும் நேரத்தில் யாரும் சொல்லாமலே அதே வழியாகத் திரும்பி வந்தது. மூன்று பேர் அமரும் இருக்கையில் நான்காமவருக்கு இடம் கொடுக்க மூவரும் ஒரு சாண் நகர்வதும் அப்படித்தான், பேச்சே இல்லாமல் நடக்கிறது.

தங்கியது மாமி ஒருவரின் வீட்டில். பாலக்காட்டுக் குடும்பம், மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. 1896இல் பிளேக் வந்து பம்பாயை உலுக்கிய பிறகு 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளைதான் தாதர், மாட்டுங்காப் பகுதிகளைத் திட்டமிட்டு விரிவாக்கியது என்றும், அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறியது அதற்குப் பிறகுதான் என்றும் மாமி மோர்க்குழம்பைப் பரிமாறியபடியே விளக்கினார். பள்ளியில் வரலாறு கற்பித்தவர். சோறு போடும்போதும் ஆண்டுகள் தவறுவதில்லை.

ஜூலை 7, திங்கள்: வர்ணம்

நேற்று மாலையே குழுவினரின் குரல்களைக் கேட்டேன். தனியாகப் பாடும்போது பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியிலும் ஆண்கள் ஒரு கட்டையிலும் பாடுகிறவர்கள். சேர்ந்து பாட மூன்று கட்டையில் சமரசம் செய்தால் மந்தர ஸ்தாயி என்னும் கீழ்த் தளத்தில் பெண்களால் இறங்க முடியாது. தார ஸ்தாயி என்னும் மேல் தளத்தில் ஆண்களால் ஏற முடியாது. ஆதார ஷட்ஜத்திலிருந்து தார ரிஷபம் வரையிலான ஒன்பது படிகள்தாம் எல்லோருக்கும் பொதுவான நிலம். தனிப்பாடகருக்கு மெட்டமைக்கிறவர்கள் இந்த நெருக்கடியை அறியமாட்டார்கள். எனக்கென்னவோ இது பிடித்திருந்தது. எங்கே போகக்கூடாது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

வர்ணத்துக்கு நளினகாந்தியை எடுத்துக்கொண்டேன். ஆரோகணத்திலேயே காந்தாரத்தைத் தொட்டுவிட்டு ரிஷபத்துக்குத் திரும்பி மத்யமத்துக்குப் போகும் ராகம் அது. ச க ரி ம ப நி ச என்று நாலு முறை பாடினாலே ஸ்வரங்கள் தாமாக வரிசை கட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். பல்லவியும் அனுபல்லவியும் முடிந்து, அவற்றை அடுத்து வரும் முக்தாயி ஸ்வரத்தில் இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக் குஜராத்தி முதியவர். தூக்கம் கெட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என நினைத்தேன், அவரோ, "திலக் காமோத்தா?" என்று கேட்டார். அந்த இந்துஸ்தானி ராகத்துக்கும் நளினகாந்திக்கும் சாயல் உண்டு என்பதை விளக்க என் இந்தி போதவில்லை. வாசித்துக் காட்டினேன். நின்றபடியே கேட்டு, தலையசைத்து, பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பத்து மணிக்கெல்லாம் சரணமும் அதைத் தொடரும் எத்துக்கடை ஸ்வரத் தொகுதிகளும் முடிந்துவிட்டன. வர்ணம் அப்படிப்பட்ட வடிவம். பாட்டுக்குச் சொற்கள் குறைவு, சட்டகம் கெட்டி. முதல் ஸ்வரத் தொகுதி நெடிலாக நின்று போக வேண்டும், கடைசித் தொகுதி துள்ள வேண்டும் என்பவை முன்பே தீர்மானிக்கப்பட்டவை. மணியடித்தால் எழுதக்கூடிய உருப்படி இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மாலைப் பாடம் செம்பூரில். மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்க வேண்டும். நிலைய வாசலில் வடாபாவ் இருபது ரூபாய். வறுத்த பச்சை மிளகாயைக் காகிதத்தில் தனியே மடித்துக் கொடுத்தார்கள். மிளகாயைத்தான் முதலில் தின்றேன்.

ஜூலை 8, செவ்வாய்: ஒரு குடைக் கீழே

முதல் கீர்த்தனைக்கான பாட்டை ஐயா நேற்றிரவு மாமி வீட்டுக்கே வந்து கொடுத்தார். பல்லவி இது:

ஒரு குடைக் கீழே எத்தனை ஊரோ
வருமழை கேட்குமோ வந்தவர் பேரோ

மழைப் பாட்டு என்றதும் குழுவில் இருவர் அமிர்தவர்ஷினியை முன்மொழிந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்துக்கு அருகே அந்த ராகத்தைப் பாடி மழையை வரவழைத்தார் என்ற கதை கரிசல் மண்ணுக்குப் பொருந்தும். ஜூலை மாத மும்பையில் அந்த ராகத்தைப் பாடுவது ஊராருக்குச் செய்யும் துரோகம் என்று ஐயா சொன்னார். மேலும், மழைக்கு இன்ன ராகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது எனக்குச் சலிப்பூட்டும் பழக்கம். இந்தப் பாட்டில் மழை பின்னணிதான். பேசப்படுவது ஊரை விட்டு வந்தவர்களைப் பற்றி. சுத்த சாவேரி என்று முடிவு செய்தேன். வடக்கே இதே ஐந்து ஸ்வரங்களைத் துர்கா என்று பாடுகிறார்கள். எதிர்வீட்டு முதியவருக்கும் பிடிக்கும்.

தாளத்தை நான் தேடவில்லை, பாட்டிலேயே இருந்தது. 'ஒரு' இரண்டு மாத்திரை, 'குடைக்' என்பதன் ஐகாரத்தைச் சற்று ஊன்றினால் மூன்று. 'எத்' இரண்டு, 'தனை' மூன்று. 'வரு' இரண்டு, 'மழை' மூன்று. 'கேட்' இரண்டு, 'குமோ' மூன்று. இரண்டு வரிகளும் ஐந்து மாத்திரைத் தாளமான கண்ட சாபுவில் ஓரிடத்திலும் உறுத்தாமல் உட்கார்ந்தன. முதல் வரியின் ஒருவும் இரண்டாம் வரியின் வருவும் எதுகையாகத் தட்டின்மேல் விழுகின்றன. ரயில்வேக் கணக்கர் மாத்திரைக் கணக்கிலும் பிசகவில்லை.

மாலையில்தான் சிக்கல் முளைத்தது. நான் பாடிக் காட்டியபோது சரியாகத் திரும்பிப் பாடியவர்கள், தாளைப் பார்த்துப் பாடத் தொடங்கியதும் 'ஓரு குடைக் கீழே ஏத்தனை ஊரோ' என்று பாடினார்கள். ஐந்து மாத்திரை ஆறாகி, மிருதங்கம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தேன். பாட்டு முழுவதும் தேவநாகரியில் எழுதப்பட்டிருந்தது. குழுவில் பாதிப் பேர் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் பள்ளியில் கற்ற எழுத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு வழக்கமான அடையாளம் இல்லை, எழுதினால் நெடில்தான். கண் நெடிலைப் பார்க்கிறது, குரல் நீள்கிறது.

தாராவியிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி இதற்குத் தானே ஒரு வழி வைத்திருந்தாள். மராத்தியில் ளகரம் இருக்கிறது. அதன் கீழே ஒரு புள்ளி வைத்தால் அவளுக்கு அது ழகரம். அதுபோலக் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே சிவப்பு மையால் ஒரு சிறிய பிறை போட்டுக்கொள்ளலாம் என்றாள். தரையில் உட்கார்ந்து எல்லோருடைய தாளிலும் அவளே பிறை வரைந்தாள். என் பங்குக்கு நான் மெட்டை மாற்றினேன். முதலில் 'ஒரு' என்பதை ரிஷபத்திலிருந்து மேலேறுமாறு வைத்திருந்தேன். அதைத் தைவதம் பஞ்சமம் என்று இறங்கவிட்டு, 'குடை'யில் மத்யமத்தில் நிறுத்தினேன். ஏறும்போது குரல் மூச்செடுக்கக் குறிலிலும் நின்றுகொள்ளும். இறங்கும்போது நிற்க இடம் இல்லை. மறுமுறை பாடியபோது தாளம் ஒட்டிக்கொண்டது. மெட்டும் முன்னதைவிட நன்றாக இருந்ததாகவே எனக்குப் பட்டது.

ஜூலை 9, புதன்: வராத பாட்டு

இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் அளவுத் தண்ணீர். கீழே இறங்க வேண்டாம் என்று மாமி தடுத்துவிட்டு 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதிக் கதையைத் தொடங்கினார். சாந்தாகுரூஸில் அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானது. பள்ளியிலிருந்து திரும்ப முடியாமல் பிள்ளைகளோடு வகுப்பறையிலேயே இரவைக் கழித்திருக்கிறார். பக்கத்துக் கட்டடங்களில் இருந்தவர்கள் யார் எவர் என்று கேட்காமல் பிஸ்கட்டும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றார்.

இன்றைய பாட்டு விளம்ப காலக் கீர்த்தனை, அதாவது மெதுவான நடையில் பாடுவது. 'திண்ணையில் யார் இருப்பார் இந்நேரம்' என்று தொடங்குகிறது; பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டைப் பற்றியது. படித்ததுமே சகானா என்று தோன்றியது, அந்தத் தோற்றத்தில் தவறில்லை. ஆனால் நளினகாந்தியைப் போல ஏறி இறங்கினால் வந்துவிடும் ராகம் அல்ல அது. க ம ரி க ரி ச என்று ஒரு பிடியில் காந்தாரம் எவ்வளவு அசைய வேண்டும், ரிஷபத்தில் எவ்வளவு நேரம் தயங்க வேண்டும் என்பதில்தான் சகானாவின் உயிர் இருக்கிறது. அந்தத் தயக்கம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதைப் பாட்டைப் பல நாள் வாய்க்குள் போட்டு வைத்திருந்தால்தான் அறிய முடியும். காலை ஐந்து மணி முதல் பதினொன்று வரை உட்கார்ந்ததில் பல்லவி மட்டும் தேறியது. மதியம் அனுபல்லவி, அதுவும் ஐயத்துக்கு இடமாக. சரணத்துக்கு எழுதிய எதுவும் ஏற்கெனவே எங்கோ கேட்டது போலவே இருந்தது, கிழித்தேன்.

ஈரக்காற்றில் வயலினின் தந்திகளை முறுக்கும் பிருடைகள் வேறு உப்பி இறுகிவிட்டன. ஒன்றைத் திருப்ப முயன்றதில் தந்தி அறுந்து விரலில் கீறியது. மாமி மஞ்சளை அப்பினார். மாலைப் பாடத்துக்குச் சயானில் இருப்பவர்கள் மட்டுமே வர முடிந்தது. அவர்களைப் பார்த்ததும் ஐயா, ஆணையின் பேரில் பாட்டுச் செய்வது புதிதல்ல, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் மன்னருக்காகச் சாமுண்டேஸ்வரி மீது 108 கீர்த்தனைகள் செய்தாரே என்று எனக்குத் தைரியம் சொன்னார். அவருக்குச் செம்பூர் லோக்கல் இல்லை என்றேன். சிரித்தார், ஆனால் சரணத்தை விட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது அவர் முகம் சுருங்கியதையும் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்: தில்லானா

மழை விட்டது. தில்லானாவும் தொல்லை தரவில்லை. மிருதங்கம் வாசிப்பவர் தாராவியில் பிறந்தவர், நெல்லைப் பக்கத்துக் குடும்பம், வங்கியில் வேலை. குழுவுக்கு அவர் அண்ணாச்சி. விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து, சமையலறை மேடையில் விரலால் தட்டியே கோர்வை என்னும் முத்தாய்ப்புக் கணக்கைச் சொன்னார். ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று, அறுபத்து நாலு மாத்திரை. பதினைந்து மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, இடையே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியாகக் கார்வை; அது நாற்பத்தொன்பது. மீதிப் பதினைந்துக்கு ததிகிணதொம் மூன்று முறை. தாளச் சுற்று தொடங்கும் இடமான சமத்தில் வந்து நின்றது. ராகத்தைப் பிறகு ஊற்றிக்கொண்டோம். மாமி இலவச மாணவியாக ஓரமாய் நின்று கேட்டு, சாம்பாரைத் தீயவிட்டார்.

இப்போது எனக்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. கணக்கு முன்னால் நடக்கும் உருப்படிகள் நாளுக்கு ஒன்று என்ற ஒழுங்கை விரும்பி ஏற்றுக்கொள்கின்றன. சொல் முன்னால் நடக்கும் உருப்படிகள் ஏற்பதில்லை; செவ்வாய்க்கிழமைப் பாட்டு விதிவிலக்கென்றால், அங்கே சொல்லே கணக்கையும் கொண்டுவந்திருந்தது. இப்படி அட்டவணை போடுகிறவர்கள் விளம்ப காலப் பாட்டு ஒன்றுக்கு மட்டும் பத்து நாள் முன்னதாகச் சொல்லைக் கொடுத்துவிட வேண்டும். குழுச் செயலாளரிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

ஜூலை 11, வெள்ளி: ஓய்வு நாள் என்று பெயர்

மாட்டுங்கா நிலையத்தை ஒட்டிய ராமா நாயக் உடுப்பியில் வாழை இலைச் சாப்பாடு. 1942 முதல் இயங்கும் இடம். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த மார்வாடித் தம்பதி, ரசத்தை எப்போது ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டு, அதன்படியே செய்தார்கள். அருகிலுள்ள இன்னொரு கடையில் காபி நாற்பது ரூபாய். நம்மூர் டபரா, நம்மூர் நுரை, விலை மட்டும் மும்பை.

சண்முகானந்தா அரங்கத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். 1952இல் தொடங்கிய சபை, 1963இல் அரங்கம் எழுந்தது, 1990இல் தீப்பற்றி, 1998இல் மீண்டும் திறந்தார்கள். இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேல் இருக்கைகள். எங்கள் நிகழ்ச்சி அங்கே அல்ல, ஒரு பள்ளி மண்டபத்தில், இருநூறு நாற்காலிகள்.

மாலையில் சகானாவை அந்தத் தாராவி மாணவியிடம் தனியாகப் பாடக் கொடுத்தேன். சேர்ந்திசையில் பலர் ஒரே காந்தாரத்தை ஒரே அளவில் அசைப்பது நடக்கிற காரியமல்ல. அவள் தனியாகப் பாடினால் அவளுடைய சொந்தச் சுருதியில் வைக்கலாம், மந்தரமும் கிடைக்கும். மற்றவர்கள் பல்லவி வரியை மட்டும் அசைவில்லாமல், ஏறக்குறைய பேச்சாக, திருப்பிச் சொல்வார்கள்.

ஜூலை 12, சனி: ஒத்திகை

செம்பூரில் நெடுநேரம். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை ஈரத்தில் தளர்ந்து, கல்லும் புள் என்னும் மரக்கட்டையுமாக அண்ணாச்சி வாரை எவ்வளவு தட்டியும் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவர, அதைத் தூரத்தில் பிடித்துத் தோலைக் காயவைத்தார்கள். இரண்டு பாட்டு தாங்கும்; பிறகு மறுபடியும்.

திரும்பும்போது இரவு பத்தரை. ஆட்டோக்கள் சயானைத் தாண்டி நகருக்குள் வரக்கூடாது. எல்லையில் இறங்கி, மழையில் கருப்பு மஞ்சள் டாக்சிக்கு நின்றேன். வந்த டாக்சிக்காரர் உத்தரப் பிரதேசத்தவர். மீட்டர் முப்பத்தொரு ரூபாய் காட்டியது, ஐம்பதாகக் கொடுத்தேன். பத்தொன்பதையும் சில்லறையாகத் தேடி எண்ணிக் கொடுத்துவிட்டு, வயலின் பெட்டி நனையாமலிருக்க வண்டியை வாசற்படி வரை பின்னால் எடுத்து நிறுத்தினார்.

ஜூலை 13, ஞாயிறு: கச்சேரி

அரங்கு நிரம்பியது, வாசலிலும் சிலர் நின்றார்கள். குடைகளை வைக்க இடமில்லாமல் மேடையின் ஓரத்தில் குவித்தார்கள். வர்ணத்தில் முதல் ஸ்வரத் தொகுதி கொஞ்சம் ஓடியது, மற்றபடி பழுதில்லை. 'ஒரு குடைக் கீழே' பாட்டுக்குக் கூட்டம் இரண்டாம் முறையிலேயே கண்ட சாபுவைத் தட்டத் தொடங்கியது. சிவப்புப் பிறைகள் பயன்பட்டன. ஒருவர் குரலிலும் ஒகரம் நீளவில்லை. அண்ணாச்சியின் கோர்வை சமத்தில் விழுந்தபோது முன்வரிசையில் எதிர்வீட்டுக் குஜராத்தி முதியவர் கையை உயர்த்தினார். மாமி அழைத்து வந்திருக்கிறார்.

சகானாதான் அன்று நன்றாக அமைந்தது என்பது என் எண்ணம். அந்தப் பெண் 'இந்நேரம்' என்ற சொல்லில் ரிஷபத்தில் நின்ற நேரம் நான் சொல்லிக்கொடுத்ததைவிடக் கூடுதல். அதுதான் சரியான அளவு. அனுபல்லவியிலிருந்து பல்லவிக்குத் திரும்பி, அப்படியே முடித்தாள்.

நிகழ்ச்சி முடிந்து உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தபோது முலுண்டிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "திண்ணைப் பாட்டைப் பாதியில நிறுத்திட்டியேம்மா, சரணம் எங்கே?" என்று கேட்டார். ஐயா சற்றுத் தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி முடிவதற்குள் அனுப்பிவிடுகிறேன் என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் தட்டோடு நின்ற மாணவி, "அக்கா, ஒலிப்பதிவும் சேர்த்து அனுப்புங்க. எழுத்தை நான் மாத்திக்கிறேன், பிறை எங்கே வரும்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.